உங்களுக்கே உங்களுக்கு

திரைச்சீலைத் துணி வாங்க வருகிறவர் துணியைத் தொடுகிற விதத்தை வைத்தே அவர் வாங்குவாரா மாட்டாரா என்று அர்தவான் சொல்லிவிடுவான். விரல் நுனியால் தொட்டால் பொழுதுபோக்க வந்தவர். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தால் பேரம் உண்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது சாயம் போற துணி மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டால், அவர் வாங்கியே தீருவார். தைரியமாகத் தேநீருக்குச் சொல்லி அனுப்பலாம். தெஹ்ரான் பெரிய பஜாரில் அப்பாவின் கடையில் நின்று நின்று வந்த கண் அது. ஆனால் பர்னியான் விஷயத்தில் அந்தக் கண் வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஒரு வருடமாக அவள் அவனோடு காபி குடிக்கிறாள், வெள்ளிக்கிழமைகளில் மலையேறுகிறாள், பல்வலி வந்தால் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறாள். அவள் வாங்க வந்தவளா, பார்க்க வந்தவளா என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அவளையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்பதாவது! எங்கள் ஊரில் டாக்ஸிக்காரர்கூட "காசா? இருக்கட்டுங்க, உங்களுக்கில்லாததா" என்பார். நாம் "இல்லை, வாங்கிக்கணும்" என்போம். அவர் மறுபடி வேண்டாம் என்பார். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, ஒரு தாளைக்கூட விடாமல் எண்ணுவார். முதல் இரண்டு சுற்றும் மரியாதை. மூன்றாவது சுற்றில்தான் நிஜம் வெளியே வரும். யார் வீட்டிலாவது ஒரு பொருளைப் பார்த்து அழகாயிருக்கிறது என்று சொன்னால், "உங்களுக்கே உங்களுக்கு, எடுத்துக்கோங்க" என்று பதில் வரும். யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த உபசாரத்துக்கு தாரோஃப் என்று பெயர். அர்தவான் தாய்ப்பாலோடு குடித்தது இது.

ஆக, எங்கே சந்திக்கலாம் என்று அவன் கேட்டால் அவள் "உனக்கு எது சௌகரியமோ" என்பாள். அவன் "நீ சொன்னா சரி" என்பான். வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் உள்ளே போகச் சொல்லிக்கொண்டே ஒரு வருடம் வெளியில் நின்றிருந்தார்கள். போதாததற்கு, அரசாங்கத்தின் இணையத் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். அது இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு செய்தியும் போகாது, வராது. ராத்திரி அனுப்பிய செய்திக்கு மறுநாள் மத்தியானம் பதில் போட்டுவிட்டு "வி.பி.என். படுத்திருச்சு" என்று சொன்னால் எந்தக் கோர்ட்டிலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. காத்திருக்கிறவன்தான் சாகணும்.

இந்த லட்சணத்தில் போன மாதம் ஹூமன் வந்து சேர்ந்தான்.

ஹூமன் அவளோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். படித்து முடித்ததும் டொரான்டோவுக்குப் போனவன், இப்போது விடுமுறையில் வந்திருந்தான். வந்ததிலிருந்து அவள் பேச்சில் உப்பைப் போல எல்லாவற்றிலும் விழுந்தான். "ஹூமன் சொன்னான்." "ஹூமனுக்கு இது பிடிக்காது." அர்தவான் அவனை நேரில் பார்த்ததில்லை, ஆனால் தன் தம்பியைவிட நன்றாகத் தெரியும். அவள் போடும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே முதல் ஆளாய் ஒரு சிவப்பு இதயம் போடுகிறவன் அவன்தான். போன வாரம் அவள் குங்குமப்பூ ஐஸ்கிரீமைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். அதிலிருந்த கரண்டியின் வளைவில், தலைகீழாக, ஓர் ஆண் உருவம். அர்தவான் அதைப் பெரிதாக்கினான். மேலும் பெரிதாக்கினான். கட்டம் கட்டமாக உடைந்துபோகும்வரை பெரிதாக்கினான். கடைப் பணியாளாக இருக்கலாம் என்று மனசு சமாதானம் சொன்னது. பணியாள் நாற்காலியில் அப்படிச் சாய்ந்து உட்காருவானா என்று மனசே திருப்பிக் கேட்டது.

வியாழக்கிழமை கடையில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"நாளைக்கு தர்பந்த் மலைக்குப் போறோம்ல? ஹூமனும் வரட்டுமான்னு கேக்கறான். உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"சங்கடமா? என்ன பேச்சு இது! என் கண்ணு மேல கால் வச்சு வரட்டும்."

"நிஜமாத்தானே சொல்றே?"

"உன் ஃப்ரெண்டுன்னா எனக்கும் ஃப்ரெண்டுதானே."

"சரி, அப்ப வரச் சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவன் அக்கா மஹ்வஷ் துணிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, தன் வீட்டு வரவேற்பறைக்கு இலவசத் திரைச்சீலை தேடிக்கொண்டிருந்தாள். காது மட்டும் இங்கே இருந்தது.

"யாருடா வர்றது?"

"பர்னியானோட ஃப்ரெண்டு ஒருத்தர்."

"ஆம்பளையா?"

"ஹூமன்."

"வரட்டும், நல்லா கண்ணு மேல கால் வைக்கட்டும். அதுக்கப்பறம் உனக்குக் கண்ணே தேவைப்படாது. ஏன்டா, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலியா? தொண்டையில துணி அடைச்சிருக்கா?"

"அப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிக்கா சொல்றது? நான் வரச் சொல்லணும், அவன் மரியாதையா 'இல்லைங்க, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க'ன்னு சொல்லணும். சொல்லுவான் பாரு."

"சொல்லுவான், சொல்லுவான்" என்ற அக்கா, இருப்பதிலேயே விலை உயர்ந்த சரிகைத் துணியைத் தூக்கினாள். "இது நல்லா இருக்கே."

"உனக்குத்தான் அக்கா, எடுத்துக்கோ" என்றது அர்தவானின் வாய். அக்கா எடுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம் இந்த விதி செல்லாது என்பது அவனுக்கு எப்போதும் தாமதமாகத்தான் நினைவுக்கு வரும்.

ஹூமன் மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை தஜ்ரீஷ் சதுக்கத்தில், சொன்ன நேரத்துக்கு முன்பே பர்னியானின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து வந்தார்களா, தனித்தனியாக வந்து சேர்ந்தார்களா? காரை நிறுத்திவிட்டு வருகிற தூரத்துக்குள் அர்தவான் இதை இரண்டு விதமாகவும் யோசித்து, இரண்டு விதத்திலும் வயிறெரிந்தான். ஆள் உயரம். பல்வரிசை பற்பசை விளம்பரம். இலையுதிர்காலக் குளிருக்கு மெல்லிய சட்டையோடு வந்திருந்தான். கனடாவில் இதையெல்லாம் குளிர் என்று சொல்லமாட்டார்களாம்.

"அர்தவான் ஜான்! எவ்வளவு கேள்விப்பட்டிருக்கேன் உன்னைப் பத்தி!" என்று, உயிர் நண்பனைக் கூப்பிடுகிற மாதிரி 'ஜான்' சேர்த்துக் கட்டிக்கொண்டான். என்ன கேள்விப்பட்டான் என்று சொல்லவில்லை. பிறகு ஓரடி பின்னால் போய்ப் பார்த்தான். "அட, ஜாக்கெட் பிரமாதமா இருக்கே!"

அது இஸ்தான்புல்லில் வாங்கிய தோல் ஜாக்கெட். இதைப் போட்டால் உனக்குத் தோள் அழகாயிருக்கிறது என்று பர்னியான் ஒருமுறை சொல்லப்போய், வெயில் காலத்திலும் அதைக் கழற்றாமல் திரிந்தவன் அர்தவான்.

"உங்களுக்கே உங்களுக்கு. போட்டுக்கோங்க" என்றான், பழக்கத்தில்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்! உங்களுக்கு என்னைவிட நல்லா இருக்கும்."

"அடேயப்பா, ரொம்ப தேங்க்ஸ்பா!" என்று ஹூமன் கையை நீட்டினான்.

அர்தவான் இரண்டாவது சுற்றுக்காகக் காத்திருந்தான். கை அப்படியே நீண்டிருந்தது. கழற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஹூமன் ஜாக்கெட்டை மாட்டி, கழுத்துப்பட்டையை நிமிர்த்திவிட்டான். கொடுமை என்னவென்றால், அவனுக்கு அது உண்மையிலேயே நன்றாக இருந்தது.

தர்பந்துப் பாதையில் ஏறும்போது மூன்று பேர் சேர்ந்து நடக்க இடம் போதாது. குறுகலான ஒவ்வொரு இடத்திலும் அர்தவான் நின்று, "நீங்க முன்னால போங்க" என்றான். ஹூமன் முன்னால் போனான், பர்னியானோடு. கடைசியில் ஏற்றம் முழுக்க அவர்கள் இருவரும் முன்னால், இவன் பின்னால், பற்கள் தந்தியடிக்க. முன்னால் போவது அவன் ஜாக்கெட், அவன் பர்னியான், நடுவில் வேறொருவன். ஒரு வளைவில் அவள் தலைமுடியில் விழுந்த சினார் மரத்து இலையை ஹூமன் எடுத்துப் போட்டான். அவள் சிரித்தாள். மூக்கு சுருங்கும் அந்தச் சிரிப்பு தனக்கு மட்டும் எடுத்து வைத்த சரக்கு என்று அர்தவான் இத்தனை நாள் நம்பியிருந்தான். அது எல்லாருக்கும் கிடைக்கும் போலிருக்கிறது.

ஓடைக்கரை உணவு விடுதியில் கம்பளம் விரித்த மரக்கட்டிலில் அமர்ந்தார்கள். அவள் பக்கத்து இடத்தைக் காட்டி "நீங்க இங்க சாஞ்சு உட்காருங்க, திண்டு இருக்கு" என்றான் அர்தவான். ஹூமன் உட்கார்ந்தான். கபாப் வந்தது. தட்டில் கடைசியாய் மிஞ்சிய துண்டை, "சாப்பிடுங்க, எனக்குப் போதும்" என்று நகர்த்தினான். ஹூமன் சாப்பிட்டான். பச்சை வெங்காயத்தையும் கடித்தான். பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வெங்காயம் கடிக்கிறவனுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை இருக்கவேண்டும்! அர்தவான் வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

பணம் கொடுக்கும் கட்டம் வந்தது. இதில் அவன் பயிற்சி பெற்றவன். எதிராளி பையில் கைவிடுவான், அவன் மணிக்கட்டைப் பிடிக்கவேண்டும், அவன் திமிறுவான், தோளால் மறிக்கவேண்டும், "என் மேல சத்தியம்" என்று ஒருவன் கத்தவேண்டும். அர்தவான் எழுந்து, தோளைச் சாய்த்து, பாய்ந்து மறித்தான். மறிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஹூமன் கால் நீட்டி உட்கார்ந்தபடி பல் குத்திக்கொண்டிருந்தான். வேகம் தாங்காமல் அர்தவான் பணியாளின் மோர் ஜாடிமேல் போய் விழப் பார்த்தான்.

"நீயே கொடுக்கறியா? தேங்க்ஸ்பா" என்றான் ஹூமன்.

பர்னியான் கைகழுவ எழுந்து போனாள். தேநீர் வந்தது. ஹூமன் குவளையைச் சுழற்றிக்கொண்டே குரலைத் தணித்தான்.

"உன்கிட்ட நேராவே ஒண்ணு கேட்டுடறேன். தப்பா எடுத்துக்காதே. உனக்கும் பர்னியானுக்கும் நடுவுல ஏதாவது இருக்கா? எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு. படிக்கிற காலத்துலருந்தே. கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். ஆனா உனக்கு ஏதாவது இருந்தா நான் விலகிக்கறேன்."

அர்தவானுக்குக் காதுவரை சூடேறியது. இருக்கு என்று சொல்லவேண்டும். ஓடையில் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று சொல்லவேண்டும். ஆனால் என்ன இருக்கிறது? அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லாத உரிமையை வாய்விட்டுச் சொல்லி, நாளை அவள் "நான் எப்படா அப்படிச் சொன்னேன்" என்று கேட்டுவிட்டால்? அதற்குள் அவன் வாய், யாரையும் கேட்காமல், தானே கடையைத் திறந்துவிட்டது.

"என்ன ஹூமன் ஜான், இதையெல்லாம் என்கிட்ட கேட்டுக்கிட்டு! நான் யாரு சொல்றதுக்கு? அவ சந்தோஷமா இருந்தா போதும். தாராளமா கேளுங்க."

இனி அவன் "இல்லையில்லை, உன் மனசில் ஏதோ இருக்கு" என்று சொல்வான். இவன் மறுபடி மறுப்பான். மூன்றாவது சுற்றில் நிஜத்தை எடுத்து வைக்கலாம். அப்படித்தான் அர்தவான் கணக்குப் போட்டிருந்தான்.

"அப்ப சரி! மனசுல ஒரு பாரம் இறங்கிச்சு" என்று ஹூமன் அவன் முதுகில் தட்டினான். டொரான்டோவில் ஒரே சுற்றுதான் போலிருக்கிறது.

பர்னியான் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தாள். "என்ன ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?"

"ரகசியம் ஒண்ணும் இல்ல" என்றான் ஹூமன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது இருக்கான்னு அர்தவானைக் கேட்டேன். தாராளமா கேளுங்கன்னுட்டான். அதனால கேக்கறேன். அடுத்த வாரம் நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது சாப்பிடப் போலாமா?"

அவள் உட்காரவில்லை. அர்தவானைத்தான் பார்த்தாள்.

"அப்படியா சொன்னே?"

"நான் அப்படி... நான் யாரு சொல்றதுக்குன்னுதான் சொன்னேன்."

"அப்பறம்?"

"நீ சந்தோஷமா இருந்தா போதும்னு."

"அப்பறம்?"

"தாராளமான்னு... அது ஒரு பேச்சுக்கு, பர்னியான்."

"பேச்சுக்கு. காலையில ஜாக்கெட், அப்பறம் இடம், அப்பறம் கபாப். இப்ப நானா? வேற என்ன இருக்கு உன்கிட்ட, செருப்பையும் கழட்டிக் குடுத்துடேன்."

ஹூமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ சிரிக்காதே. என்னைப் பிடிச்சிருக்குன்னா என்கிட்ட கேக்கறதுக்கு என்ன? அவன்கிட்ட அனுமதி வாங்கறே. நான் என்ன அவன் கடையில தொங்கற துணியா? எல்லாத்தையும் கனடாவுல மறந்துட்டு வந்தே. இதை மட்டும் பத்திரமா வச்சிருக்கே பாரு."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். கீழே சதுக்கம் வரும்வரை இருவரும் அவள் பின்னால், ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தார்கள். இப்போது குறுகலான இடங்களில் அர்தவான் நிற்கவில்லை. ஹூமனை முழங்கையால் தள்ளிவிட்டு முந்தினான்.

அவள் வீட்டுப் பக்கம் போகும் சாதத்தாபாத் ஷேர் டாக்ஸி வரிசைக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தான். "நான் கொண்டுபோய் விடறேன்."

"வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

இந்த வேண்டாம் எந்தச் சுற்று? ஆயிரம் வாடிக்கையாளர்களின் முகத்தைப் படித்தவனுக்கு இந்த முகத்தில் ஓரெழுத்துக்கூட தெரியவில்லை. வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டான்.

"இது நிஜ வேண்டாமா, சும்மா வேண்டாமா?"

"நிஜம்" என்றாள். பிறகு, வரிசையில் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னாள்: "ஹூமன் வரட்டுமான்னு உன்கிட்ட எதுக்குக் கேட்டேன், தெரியுமா? நீ வேணாம்னு சொல்லணும்னுதான். 'அர்தவானுக்குப் பிடிக்கல'ன்னு அவன்கிட்ட சொல்லிப் பாக்கணும்னு எனக்கு ஆசை. நிஜமாத்தானான்னு ரெண்டாவது தடவையும் கேட்டேன். மூணாவது தடவை கேக்க வெக்கமா இருந்துச்சு. எத்தனை தடவைடா ஒருத்தி கேப்பா?"

"எனக்குப் பிடிக்கல" என்றான் அவன். திறந்த வாய் மூடவில்லை. "அவன் வந்தது பிடிக்கல. உன் தலையில இலை எடுத்தது பிடிக்கல. அவனைப் பாத்து நீ சிரிச்சது பிடிக்கல. உன் போட்டோவுக்கு அவன் இதயம் போடறதைப் பாத்தாலே எனக்கு நெஞ்சுக்குள்ள மிளகாய் அரைச்ச மாதிரி இருக்கு. அந்த ஐஸ்கிரீம் கரண்டியில தெரியறவன் யாருன்னு தெரியாம நான் தூங்கவே இல்ல."

"எந்தக் கரண்டி?"

"அதை விடு. எனக்கு நீ வேணும்."

அவள் காத்திருந்தாள். "அவ்வளவுதானா? 'உனக்குச் சங்கடம் இல்லேன்னா'ன்னு ஒண்ணும் சேக்கலியா?"

"இல்ல."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகுவதுபோல் இருந்தது. அப்புறம் இல்லாமலும் போனது.

"காலையில இதைச் சொல்லியிருந்தா, கையோட பதில் வாங்கிட்டுப் போயிருப்பே. இப்ப தெரியல. என்னை நீ எவ்வளவு சுலபமா ஒருத்தனுக்குக் குடுத்துட்டேன்னு பாத்தப்பறம் எனக்கு உன் மேல நம்பிக்கை வரணும்."

"ஹூமனுக்கு என்ன சொல்லப் போறே?"

"அதுவும் தெரியல. முட்டாள்தனமா கேட்டான், ஆனா கேட்டான்ல." அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னுதான் அர்த்தம், அர்தவான். தாரோஃப் இல்ல" என்றாள்.

டாக்ஸி நிரம்பியது. பின்சீட்டில் மூன்று பேர். கீரைக்கட்டுகளை மடியில் வைத்திருந்த ஒரு தடித்த மனிதருக்கும் கதவுக்கும் நடுவே அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள். தலையைத் திருப்பவில்லை. வண்டி போகும்போது அந்தக் கீரைக்காரர்மேல்கூட அர்தவானுக்குப் பொறாமை வந்தது. அவருக்கு மீசை வேறு நன்றாக இருந்தது.

அப்போதுதான் ஹூமன் வந்து சேர்ந்தான். "போயிட்டாளா? ரொம்பக் கோவமா இருந்தாளா? சரி விடு. என்னை நர்மக்ல எங்க அம்மா வீட்டுல இறக்கி விட்டுடறியா?"

"என் கண்ணு..." என்று அர்தவானின் நாக்கு புறப்பட்டுவிட்டது. பல்லால் கடித்து நிறுத்தினான்.

"முடியாது."

"சும்மா விளையாடாதே. போற வழிதானே?"

"முடியாது."

"நிஜமாவா?" என்று ஹூமன் சிரித்தான். அர்தவான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. "அப்ப, நான் கேட்டேனே, அதுவும்...?"

"அதுவும்தான். எனக்கு அவ வேணும். அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் விட்டுக் குடுக்கல."

"இதை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, மடையா" என்றான் ஹூமன், கோபமில்லாமல். "நான் இனிமே ஒதுங்கிப்பேன்னு மட்டும் நினைக்காதே. அவ வேணாம்னு சொல்லட்டும், போறேன்."

தோளைக் குலுக்கிவிட்டு அவன் சதுக்கத்தை நோக்கி நடந்தான். அர்தவான் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். வெறும் சட்டையில் உடம்பு நடுங்கியது. சாவியைத் திருப்பினால் சூடு வரும். திருப்பவில்லை. கண்ணாடி வழியே ஹூமனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாதத்தாபாத், ஒருத்தர்! ஒரே ஒருத்தர்!" என்று மேற்கு வரிசை ஓட்டுநர் கூவினார்.

ஹூமன் நின்றான். அந்தப் பக்கம் பார்த்தான். கைப்பேசியை எடுத்து எதையோ தட்டினான். அர்தவானின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. ஹூமன் மறுபடி நடந்து, சாலையைக் கடந்து, நர்மக் வண்டியில் ஏறினான். வண்டி கிளம்பி, கூட்டத்தில் கலந்து, கிழக்கே திரும்பி மறைந்தது.

அர்தவான் அப்போதும் காரைக் கிளப்பவில்லை. ஹூமன் அடுத்த சிக்னலில் இறங்கித் திரும்பி வந்தாலும் வருவான்.